52-லிருந்து 17 போனால் 45: மாணவரை மையமாக வைக்க எந்த வழி?

பி.எட். முடிக்கும்போது, தனியார் பள்ளி நேர்காணலில், கல்லூரி வேலைக்கு விண்ணப்பம் போடும்போது என்று எங்காவது ஓரிடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும்: உங்கள் கற்பித்தல் கொள்கை என்ன? பெரும்பாலானவர்களின் பதில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். மாணவர் மையக் கற்பித்தலில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை வாய்ந்தது, ஆசிரியர் வழிகாட்டி மட்டுமே. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை முதல் பீரியடில் என்ன செய்வது என்பதை இந்த வரிகளை வைத்து முடிவு செய்ய முடியாது. மாணவரை மையத்தில் வைக்கிறோம் என்று சொல்லும் வழிகளே நாலைந்து இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. ஒரு வழி ஆசிரியரை ஒதுங்கி நிற்கச் சொல்கிறது, இன்னொன்று பிள்ளையின் பக்கத்திலேயே உட்காரச் சொல்கிறது. ஒன்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கிறது, மற்றொன்று எல்லாரையும் ஒரே பேச்சுக்குள் இழுக்கிறது. இதில் எதை நம் கொள்கையாக எடுத்துக்கொள்வது?

பொதுவாகப் பேசினால் எல்லா வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும். அதனால் ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வழியிலும் அதற்கு என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

ஆறாம் வகுப்பு மாணவி. 52 − 17 என்ற கணக்குக்கு 45 என்று எழுதியிருக்கிறாள். கவனக்குறைவு என்று தோன்றும், ஆனால் அது இல்லை. அதே பிள்ளைக்கு 83 − 26 கொடுத்தால் 63 என்பாள், 64 − 38 கொடுத்தால் 34 என்பாள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறாள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் ஒன்று போனால் நான்கு. ஒரு விதியைத் தவறாமல் பின்பற்றுகிறாள், அந்த விதிதான் தவறு. 58 − 17 என்று கொடுத்தால் இதே விதி 41 என்ற சரியான விடையைக் கொடுத்துவிடும். அதனால் பயிற்சித் தாளில் பாதிக் கணக்குக்கு மேல் டிக் விழும். மூன்றாம் வகுப்பில் முளைத்த விதி ஆறாம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படாமல் வந்து சேர்வது இப்படித்தான்.

இந்த வழிகளை எடைபோட அளவுகோலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், பாடம் சொல்லும் முறையை 'கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளங்கொள' என்று வைத்தார். கற்பவர் எந்த வகையில் எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்துகொண்டு, அவர் மனசில் பதியும்படி சொல்வது. இதிலிருந்து நான் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். அந்த 45 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள இந்த வழி ஆசிரியருக்கு உதவுகிறதா? தெரிந்த பிறகு அவருடைய அடுத்த வேலை மாறுகிறதா? மூன்றாவது கேள்வி நடைமுறையைப் பற்றியது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அந்த 35 பேரும் முக்கால் மணி நேரமும்தான் கையில் உண்டு என்றால், இந்த வழி நடக்குமா?

முதலில் மாண்டிசோரி. 1907-இல் ரோம் நகரின் சான் லொரன்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தொடங்கிய வழி இது. அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். போர் வந்ததால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் சில காலம் பிள்ளைகளோடு வேலை செய்தார். இந்த வழியில் நம் மாணவி கழித்தல் கணக்கை நோட்டில் தொடங்க மாட்டாள். பத்துப் பத்தாகக் கோத்த ஐந்து மணிக் கம்பிகளும் இரண்டு உதிரி மணிகளும் எடுத்துக்கொள்வாள். ஏழு மணி கொடு என்றால் கையில் இருப்பது இரண்டு உதிரிதான். ஒரு பத்துக் கம்பியைக் கொடுத்துப் பத்து உதிரி மணி மாற்றி வந்தால்தான் மேலே போக முடியும். 45 என்ற விடை வர இங்கே வழியே இல்லை. ஆசிரியர் சிவப்பு மையைத் தொடாமலேயே பொருள் தன் வேலையைச் செய்துவிடும். பிள்ளையின் மரியாதைக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இந்த வழிக்கு நீண்ட, இடையூறில்லாத வேலை நேரம் வேண்டும். மூன்று வயது வித்தியாசத்தில் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து இருக்க வேண்டும். பொருள்களும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும் நடுநிலைப் பள்ளியில் முழுசாக இதைக் கொண்டுவர முடியாது. முழுசாக வராவிட்டால் என்ன? பத்து ரூபாய்த் தாள்களும் ஒரு ரூபாய்க் காசுகளும், இல்லையென்றால் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளும் போதும், இந்த ஒரு கணக்குக்கு அந்தப் பலன் கிடைத்துவிடும். கொள்கையாக அல்ல, கைவசம் வைத்திருக்கும் கருவியாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நம் மாநிலமே பெரிய அளவில் செய்து பார்த்தது: செயல்வழிக் கற்றல். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலியில், சின்னக் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. அந்த வகுப்பறைகளைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. பாயில் வட்டமாகப் பிள்ளைகள், சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும் ஓவியங்கள், கற்க வேண்டியவற்றைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணை, ஒவ்வொரு படிக்குமான அட்டைகள் தட்டு தட்டாக. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்திருப்பார். முழுக்க ஆசிரியர் துணையோடு படிக்கும் குழு தொடங்கி, சக மாணவர் துணையோடு படிப்பவர்கள், தானே படிப்பவர்கள், மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் என்று ஒரே அறையில் பல குழுக்கள் இருக்கும்.

இதன் பெரிய சாதனை பயத்தைக் குறைத்தது. மற்றொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது: விடுபட்ட பிள்ளைக்கு இடம் இருந்தது. அம்மா அப்பாவோடு செங்கல் சூளைக்கோ அறுவடைக்கோ போய்விட்டுச் சில வாரம் கழித்து வரும் குழந்தை, சாதாரண வகுப்பில் நடுவில் வந்து விழித்துக்கொண்டு நிற்கும். ஏணிப்படியில் அது விட்ட படியில் ஏறிக்கொள்ளும். யாரும் அதற்காக நிறுத்திவைக்க வேண்டியதில்லை, அதுவும் யாரையும் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. ஆசிரியர் பற்றாக்குறையால் இரண்டு மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைக்கும் பள்ளிகளுக்கு இதைவிட இயல்பாகப் பொருந்தும் ஏற்பாடு கிடையாது.

சரி, நம் மாணவியின் 45 இந்த ஏணியில் என்ன ஆகும்? மதிப்பீட்டு அட்டையில் தப்பு என்று தெரியும். அவள் மறுபடி பயிற்சிக்கு அனுப்பப்படுவாள். தப்பு என்று அட்டைக்குத் தெரியும், எப்படி வந்த தப்பு என்று தெரியாது. அது தெரிய வேண்டுமானால் ஆசிரியர் அவள் பக்கத்தில் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் அவர் இன்னொரு குழுவுக்கு அட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டோ, அடைவு அட்டவணையில் குறித்துக்கொண்டோ இருப்பார். ஏணியில் ஏறும் வேகம்தான் பிள்ளையுடையது. படிகளின் வரிசையை முடிவு செய்தது வேறு யாரோ. இந்த ஒரு வரம்பைத் தெரிந்துகொண்டு எடுத்தால், 1 முதல் 3 வகுப்பு வரை இது இன்றைக்கும் வலுவான தேர்வு என்பேன். 35 பேர் இருக்கும் ஆறாம் வகுப்பில் ஒற்றை ஆசிரியர் இதைத் தன் கொள்கையாக வைத்துக்கொள்ள முடியாது. அட்டைகளைத் தயாரிக்கவும் மாற்றவும் ஓர் அமைப்பே பின்னால் நிற்க வேண்டும்.

மேல்வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வி முறையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வழங்குதல், குறைதீர் கற்றல் என்ற வரிசை சமூக அறிவியலுக்கும் அறிவியலுக்கும் நன்றாகவே ஒத்துவந்தது. கணக்கில், அதுவும் கழித்தல் தடுமாறும் பிள்ளைக்கு, மனவரைபடம் வரைந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

இப்போது நடைமுறையில் இருப்பது நிலைவாரியாகக் கற்பிக்கும் வழி. வயதையும் வகுப்பையும் பார்க்காமல், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குவது. மும்பையில் 1995-இல் தொடங்கிய பிரதம் என்ற தொண்டு அமைப்பு இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று சொல்லும், 2005 முதல் வெளிவரும் அசர் (ASER) அறிக்கைக்காக வீட்டுக்கு வீடு போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள் அல்லவா, அந்தச் சோதனையில் இருப்பதும் கடன் வாங்கும் ஈரிலக்கக் கழித்தல்தான், நம் 52 − 17 மாதிரி. தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே போகிறது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட வேண்டியிருந்த நேரத்தில் இது தேவையான முடிவு.

இந்த வழி நம் மாணவியைக் கண்டுபிடித்துவிடும். அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு கழித்தல் கொடுத்துப் பார்ப்பதற்கு ஈடு இணை கிடையாது. அவளைப் போன்ற எட்டுப் பேரை ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் 35 பேருக்கு ஒரே பாடத்தை நடத்துவதைவிட எவ்வளவோ மேல். எனக்கு இருக்கும் கவலை பெயர் ஒட்டிக்கொள்வது பற்றித்தான். 'அவ அரும்பு டீச்சர்' என்று பிள்ளைகளே சொல்லக் கேட்கலாம். மேல்வகுப்பில் மெல்லக் கற்போர் பட்டியல் என்று ஒன்று தயாராகிறது, ஆண்டுத் தொடக்கத்தில் அதில் ஏறிய பெயர் ஆண்டுக் கடைசி வரை அப்படியே இருக்கிறது. கழித்தலில் தடுமாறுகிறவள் வடிவியலில் முன்னால் நிற்கலாம். குழுவைப் பிள்ளைக்குப் போடாமல் திறனுக்குப் போட்டால், அதையும் சில வாரத்தில் கலைத்துவிட்டால், இந்த வழியின் பலன் முழுசும் கிடைக்கும், பெயரும் ஒட்டாது.

கடைசியாக உரையாடல் வழி. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேயரே 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 கூலித் தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர்களுடைய வாழ்க்கையில் புழங்கும் சொற்களைக் கேட்டு எடுத்து, அந்தச் சொற்களைப் பற்றிப் பேசவைத்து, அங்கிருந்து எழுத்துக்குப் போனார். அடுத்த ஆண்டே ராணுவம் ஆட்சியைப் பிடித்து அந்தத் திட்டத்தை நிறுத்தியது, அவரையும் சிறையில் வைத்தது. கூலிக்காரர் பேசத் தொடங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று ராணுவத்துக்குப் புரிந்திருந்தது. நம் ஊரில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது இதே காற்று வீசியது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள், படிப்பு அவர்கள் வாழ்க்கையோடு நேராகத் தொடர்புபட்டது.

முதியோர் கல்விக்கு வந்த வழியைக் கணக்கு வகுப்புக்கு எப்படிக் கொண்டுவருவது? ஃப்ரேயரே பிறந்த அதே ரெசிஃபி நகரில் 1985-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. தெருவில் இளநீரும் பழமும் விற்கும் 5 பிள்ளைகளிடம், வாங்குபவர்போல் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98 சதவீதம் சரியான விடை. பிறகு அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம்தான். ஐந்து பிள்ளைகளை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் வகுப்பிலும் இதைப் பார்க்கலாம். 45 எழுதிய பிள்ளையிடம் பேச்சு இப்படிப் போகும்:

"இது எப்படிம்மா வந்துச்சு?"

"ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதான் ஏழுல ரெண்ட எடுத்தேன்."

"சரி. உங்கிட்ட அம்பத்தி ரெண்டு ரூபா இருக்கு. கடையில பதினேழு ரூபாய்க்கு சாமான் வாங்குற. மிச்சம் எவ்வளவு வரும்?"

"முப்பத்தஞ்சு."

விடை சட்டென்று வரும். எப்படி வந்தது என்று கேட்டால், பதினேழோட மூணு சேர்த்தா இருபது, இருபதுலேருந்து அம்பத்தி ரெண்டுக்கு முப்பத்தி ரெண்டு, ஆக முப்பத்தஞ்சு என்பாள். மளிகைக் கடையில் மீதிச் சில்லறை வாங்கி வாங்கிப் பழகிய கணக்கு அது. நோட்டுக் கணக்கு வேறு, கடைக் கணக்கு வேறு என்று இவ்வளவு நாள் அவள் நினைத்திருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, 45-ம் 35-ம் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று அவளையே கேட்டால், அடுத்த பத்து நிமிடத்தில் நடப்பதுதான் பாடம். இந்தச் சிறு பேச்சில் என் முதல் இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. 45 எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது, அடுத்து என்ன செய்வது என்றும் தெரிகிறது. மறுபடியும் 'கடன் வாங்கு' என்று பத்துக் கணக்குப் போடச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம்.

இந்த வழியிலும் குறை உண்டு. 35 பேரில் பேசுகிற ஏழெட்டுப் பேரே எப்போதும் பேசுவார்கள். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டு தப்பித்துவிடுவார்கள். அப்புறம், நேரம் போகும். போர்ஷன் முடிக்கணும் என்ற நெருக்கடி எல்லா ஆசிரியர் தலையிலும் இருக்கிறது, அதை இல்லை என்று சொல்ல முடியாது.

காந்தியின் ஆதாரக் கல்வியையும் கேட்பார்கள். 1937 வார்தா மாநாட்டில் உருவாகி, காந்திகிராமம் போன்ற இடங்களில் வேர் பிடித்தது அது. கைத்தொழில் வழியாக எல்லாப் பாடமும் என்பதை ஒரு பள்ளி முழுக்கச் சேர்ந்து எடுத்தால் நடத்தலாம். தனி ஆசிரியர் தன் பீரியடுக்குள் எடுக்கக்கூடிய முடிவு அல்ல. பள்ளித் தோட்டம் இருந்தால் அளவையும் பரப்பளவையும் அங்கே போய் நடத்துங்கள், அதுவே பெரிய விஷயம்.

என் முடிவு இதுதான். 6 முதல் 8 வகுப்பு வரை கணக்கோ அறிவியலோ எடுப்பவர், அதுவும் புதிதாக வேலையில் சேர்ந்தவர், உரையாடல் வழியைத் தன் கொள்கையின் நடுத்தூணாக வைத்துக்கொள்ளட்டும். தினமும் ஒரு தவறான விடையையாவது எடுத்து, அது எப்படி வந்தது என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடரட்டும். பேசாத பிள்ளைகளுக்காக, வகுப்பு முடியும்போது ஒரே ஒரு கணக்கைத் துண்டுத்தாளில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டால், எல்லாருடைய வழியும் கைக்கு வந்துவிடும். வாரத்தில் இரண்டு பீரியட் நிலைவாரியாக, திறனுக்கு ஒரு குழு என்று பிரிக்கட்டும். பொருளும் காசும் ஈர்க்குச்சியும் கேட்கும் இடத்தில் தயங்காமல் கொண்டுவரட்டும், ஆறாம் வகுப்புக்கு இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஒன்று இரண்டு வகுப்பு எடுப்பவருக்கு இந்த வரிசை தலைகீழாகும்: பொருளும் நிலையும் முன்னே, நீண்ட பேச்சு பின்னே. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இருக்கிறது, அங்கே முதல் பத்து நிமிடம்தான் நமக்குக் கிடைக்கும். அலகுத் தேர்வில் நிறையப் பேர் செய்த ஒரு தவறை அந்தப் பத்து நிமிடத்தில் எடுத்துப் பேசினால் மதிப்பெண்ணுக்கும் அது உதவும்.

நேரத்துக்கு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். பயிற்சியில் இருபது கணக்கு இருந்தால் எட்டுக் கணக்கை வகுப்பில் போட்டு, மிச்சத்தை விடுங்கள். தவறான விதியோடு இருபது போடுவதால் அந்த விதிதான் கெட்டிப்படும்.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும். கரும்பலகை முன்னால் நின்று விளக்கினால் மாணவர் மையம் போய்விடுமா? போகாது. பிள்ளையின் வழியைக் கேட்ட பிறகு, அந்த வழிக்குப் பதில் சொல்லும் ஐந்து நிமிட விளக்கம் முழுக்க முழுக்க அவளுக்காகவே நடக்கும் பாடம். ஆறு ஆறாக உட்கார வைத்துச் சார்ட் வரையச் சொன்னாலும், ஒருவன் வரைய ஐந்து பேர் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால், அங்கே மையத்தில் இருப்பது சார்ட்.

கொள்கையை எழுதும்போது, வகுப்பு வாசலில் நின்று பார்க்கும் ஒருவர் ஆமாம், இல்லை என்று சொல்லக்கூடிய வரிகளாக எழுதுங்கள். ஒரு கணக்கு ஆசிரியருக்கு அது இப்படி இருக்கலாம்:

"தவறான விடையை அழிப்பதற்கு முன் அது எப்படி வந்தது என்று கேட்பேன். புதுப் பாடத்தின் முதல் கேள்வி, பிள்ளைகள் அதை ஏற்கெனவே வெளியில் எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டுவதாக இருக்கும். வாரத்தில் இரண்டு பீரியட் திறன்வாரிக் குழு, எந்தக் குழுவும் மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்காது. எந்தப் பிள்ளையையும் அதன் நிலையின் பெயரால் கூப்பிட மாட்டேன், மற்றவர்கள் கூப்பிடவும் விட மாட்டேன். வாரம் ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளையின் வழியும் என் கண்ணில் படும்."

நேர்காணலில் இதைச் சொன்னால் ரிசல்ட் வருமா என்று கேட்பார்கள். 52 − 17 கதையைச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை எந்தெந்தக் கணக்கில் மதிப்பெண் விடுகிறாள் என்று பட்டியலிட்டே காட்டலாம். ஈரிலக்கக் கழித்தல் சரியாக வராதவளுக்கு நீள்வகுத்தல் வராது, தசமக் கழித்தல் வராது, வட்டிக் கணக்கும் பாதியில் நிற்கும்.

முதல் பருவம் முடிந்ததும் உங்கள் பாடக்குறிப்பேட்டை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஒரு பிள்ளை சொன்னதைக் கேட்டு நாளைய திட்டத்தை மாற்றிய இடங்கள் அதில் இருந்தால் கொள்கை வேலை செய்கிறது. ஓரிடம்கூட இல்லையென்றால் முதல் வரியிலிருந்து திருத்தி எழுதத் தொடங்கலாம்.